ஓர் அரச அலுவலரின் பெயரில் பல்கலைக்கழகத் தலைமைத்துவ விருது நிறுவுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை குடும்பங்களுக்கும் நலன்விரும்பிகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் டி.எஸ். (பிரதேச செயலாளர்) ஐயா காலமாகி முப்பத்தோராம் நாள் கடமைகள் முடிந்த மாலை, அவருடைய வீட்டு முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள், அவரிடம் வேலையாக வந்து பிறகு வீட்டு மனிதர்களாகிவிட்டவர்கள், ஓய்வுபெற்ற கிராம சேவகர்கள் இருவர். அவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. ஒருவர் பஸ் தரிப்பிடம் கட்டலாம் என்றார். இன்னொருவர் சந்தியில் சிலை வைக்கலாம் என்றார். கடைசியில் அவருடைய மகள்தான் சொன்னார்: "அப்பா கடைசி வரைக்கும் வளாகத்துப் பிள்ளைகளோடுதான் பேசிக்கொண்டிருந்தார். அங்கே ஏதாவது செய்தால் அவருக்குப் பிடிக்கும்."

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் விருது. நான் அவருடைய அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவன். விருதுக் குழுவுக்கும் நானே எழுதுவினைஞன் ஆனேன். கடிதம் எழுதியது, அலைந்தது, பிழைவிட்டது, திருத்தியது எல்லாம் என் கையால் நடந்தவை. இப்போது மாவட்டத்தின் பல இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்து, "எங்கள் ஐயாவுக்கும் இப்படி ஒன்று செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: பெயரை வைக்கும் முன் மனிதரை எழுதுங்கள்

எல்லோரும் பணத்தில் தொடங்குகிறார்கள். பணம் பிறகு. முதலில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, அந்த அலுவலரோடு பழகிய இருபது பேரிடம் போங்கள். ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அவர் உங்களுக்குச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்." அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நேர்மையானவர், கடமை தவறாதவர், கண்ணியமானவர் என்றுதான் பதில் வரும். இந்த மூன்று சொற்களும் இந்த நாட்டின் எல்லா நினைவுக் கற்களிலும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மாணவரைத் தெரிவு செய்ய முடியாது.

எங்கள் ஐயாவைப் பற்றிக் கேட்டபோது கிடைத்தவற்றில் ஒன்றை இங்கே வைக்கிறேன். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்கள் பல தனித்தீவுகளாகிவிட்டன. உழவு இயந்திரம் போகும் மட்டும் உழவு இயந்திரத்தில், அதற்கு அப்பால் தோணியில் என்று நிவாரணம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாடசாலையில் உலருணவுப் பட்டியலை வாசித்து முடித்த பிறகு, பின்வரிசையில் ஒரு வயதான அம்மா மட்டும் எழுந்து போகாமல் இருந்தார். அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சொந்த வீடு ஒரு கிராம சேவகர் பிரிவில், அவர் ஒதுங்கியிருந்த மகள் வீடு இன்னொரு பிரிவில். இரண்டு கிராம சேவகர்களும் மற்றவர் பதிந்திருப்பார் என்று நினைத்துவிட்டார்கள். ஐயா யாரையும் ஏசவில்லை. தன் குறிப்பேட்டை எடுத்து அந்த அம்மாவின் பெயரை எழுதினார். பிறகு எங்களிடம் திரும்பி, "இப்படி இரண்டு பிரிவுக்கும் நடுவில் விழுந்தவர்கள் வேறு யார் யார்? இரவைக்குள் எனக்குப் பட்டியல் வேண்டும்" என்றார். அன்றிரவு பதினேழு பெயர்கள் கிடைத்தன.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீல அட்டை போட்ட சாதாரண குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு கிழித்துப் பிரித்திருப்பார். இடப்பக்கம் ஆளின் பெயரும் கேட்ட காரியமும்: காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், விதவை ஓய்வூதியம். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். கோவை முடிந்துவிட்டது என்று நாங்கள் போய்ச் சொன்னாலும் அதில் எழுத மாட்டார். அந்த ஆள் வந்து, அல்லது ஆளனுப்பி, "கிடைத்தது ஐயா" என்று சொன்ன பிறகுதான் திகதியைப் போட்டுச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பார். எங்களுக்கு அது அப்போது எரிச்சலாக இருந்தது. கடிதம் அனுப்பியாயிற்று, இனி என்ன என்று நினைத்தோம். கடிதம் அனுப்புவது அலுவலகத்தின் முடிவு, கையில் கிடைப்பதுதான் சனத்தின் முடிவு என்பதை அந்தக் கோட்டிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

இந்த இரண்டு கதைகளிலிருந்து எங்கள் விருதின் அளவுகோல்கள் மூன்றும் வந்தன. விடுபட்டவர்களைத் தேடிப் போனவரா? எடுத்த வேலையை உரியவர் கையில் சேரும்வரை முடித்தவரா? பிழை கண்ட இடத்தில் ஆளைத் தாக்காமல் முறையைத் திருத்தியவரா? உங்கள் அலுவலர் வேறு மாதிரி இருந்திருப்பார். ஒரு தாதிய உத்தியோகத்தரையோ, நீர்ப்பாசனப் பொறியியலாளரையோ, கல்விப் பணிப்பாளரையோ நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அவருடைய கொப்பியிலிருந்து அவருடைய மூன்றை எடுங்கள். எங்களுடையதைப் பிரதி பண்ண வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன்: பதவியிலிருக்கும் அலுவலரின் பெயரில் விருது நிறுவாதீர்கள். நல்ல மனத்தோடு செய்தாலும் அது நாளைக்கு அவருக்கே சங்கடமாகும்.

இரண்டாம் படி: இது புள்ளிக்கான பரிசு இல்லை என்று முடிவெடுங்கள்

பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே நிறைய நினைவுப் பதக்கங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு பாடத்தில் அல்லது ஒரு பீடத்தில் அதிகூடிய புள்ளி பெற்றவருக்கானவை. அவற்றை நடத்துவது இலகு. பரீட்சைக் கிளை பெயரைத் தரும், பட்டமளிப்பு விழாவில் கொடுக்கலாம். தலைமைத்துவ விருது அப்படிப்பட்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் யாரோ சிலர் உட்கார்ந்து வாசித்து, விசாரித்து, தீர்மானிக்க வேண்டும். அந்த உழைப்புக்கு ஆட்கள் இல்லையென்றால் புள்ளிப் பரிசையே நிறுவுங்கள். அதில் குறைவொன்றுமில்லை.

உலகத்தில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் ஜனாதிபதி ட்ரூமனின் நினைவாக 1975 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு புலமைப்பரிசிலை நிறுவியது. கட்டடமும் சிலையும் இல்லாத நினைவுச் சின்னம் அது. அரச, பொதுச் சேவைக்குப் போக விரும்பும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு உரியது. விண்ணப்பிப்பவர் தன்னைப் பற்றி எழுதுவதோடு, ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்து அதற்கு என்ன கொள்கை வேண்டும் என்றும் எழுத வேண்டும். இந்த ஒரு யோசனையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டு, "கொள்கை" என்ற இடத்தில் "உங்கள் கிராம சேவகர் பிரிவில்" என்று போட்டோம்.

நம் ஊருக்கென்று ஒரு கவனம் வேண்டும். நம் வளாகங்களில் "தலைவர்" என்ற சொல் பல நேரங்களில் மூத்த மாணவரின் அதட்டலுக்குப் பெயராகிவிட்டது. பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அப்படியிருந்தும் புதிய மாணவர்களை வரிசையில் நிறுத்தி வைக்கத் தெரிந்தவரைத் தலைமைத்துவம் உள்ளவர் என்று நினைக்கும் பழக்கம் போகவில்லை. ஆகவே விதிமுறையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: பகிடிவதை தொடர்பாக ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளானவர் விண்ணப்பிக்க முடியாது. புதிய மாணவர்களைப் பகிடிவதையிலிருந்து காப்பாற்றிய மாணவர் யாராவது இருந்தால், அதைப் பெரும் தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் படி: எந்தப் பல்கலைக்கழகம்?

இரு மாவட்டங்களுக்கும் இரண்டு பல்கலைக்கழகங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையில், அங்கிருந்த மத்திய மகா வித்தியாலய வளவில், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1986 ஒக்டோபரில் பல்கலைக்கழகமாகியது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் திருகோணமலை வளாகமும் இதனோடு சேர்ந்தவை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் பல்கலைக்கழகமாகியது.

அலுவலர் எங்கே படித்தார் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். எங்கே வேலை செய்தார், அவரால் பயன்பெற்றவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே படிக்கிறார்கள் என்றும் பாருங்கள். இன்றைய அம்பாறை மாவட்டம் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. பழைய தலைமுறை அலுவலர் ஒருவருக்குக் காரைதீவும் கல்முனையும் கொக்கட்டிச்சோலையும் ஒரே கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கீழே இருந்தவை. அப்படிப்பட்டவர் பெயரிலான விருதை இரண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் திறந்துவிடுவது பொருத்தமாக இருக்கும். அப்போது நிதியை ஒரு பல்கலைக்கழகத்தில் வைத்து, மற்றதோடு தனியாக உடன்பாடு எழுத வேண்டிவரும். வேலை இரட்டிப்பு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பீடத்துக்குள் அடைக்காதீர்கள். கலை கலாசார பீடத்தில் மட்டும்தான் தலைவர்கள் இருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. விவசாய பீடத்துப் பிள்ளை ஒருவர் உன்னிச்சைக்குள விவசாயிகளோடு செய்த வேலை, பத்து மேடைப் பேச்சுக்குச் சமம்.

நான்காம் படி: பணம்

இங்கேதான் பலருக்குக் கை சுடுகிறது. ஒரு தொகையை வங்கியில் போட்டுவிட்டால் வட்டியில் விருது என்றென்றைக்கும் ஓடும் என்ற நம்பிக்கை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்துக்குப் போனது. ஒரு காலத்தில் வட்டியால் ஒரு பவுண் தங்கம் வாங்கக்கூடியதாக இருந்த நிதியங்கள் இன்று பதக்கத்தின் பெட்டியை வாங்கினாலே பெரிது. ஆகவே "தங்கப் பதக்கம்" என்று விதிமுறையில் எழுதி உங்களை நீங்களே கட்டிப்போடாதீர்கள்.

கணக்கை இப்படிப் போடுங்கள். விருதுத் தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தெரிவுக்கான பயணம், அச்சு, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் 10,000. இன்னொரு 20,000 ரூபாயை ஒவ்வோர் ஆண்டும் மூலதனத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். இதைச் சேர்க்காத விருது மெல்ல மெல்லக் கரைந்துவிடும். ஆக, கையில் 80,000 வர வேண்டும். ஆண்டு வட்டி 8 சதவீதம், அதில் 10 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடித்துக்கொள்கிறது என்றால், 11 இலட்சத்து 11 ஆயிரம் ரூபாயளவு நிலையான வைப்பில் இருக்க வேண்டும். வட்டி 6 சதவீதத்துக்கு இறங்கினால் அதே 80,000 ரூபாய்க்கு 14 இலட்சத்து 81 ஆயிரம் வேண்டும். 2022 இறுதியில் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த வங்கிகள் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் அது பத்துக்குக் கீழே வந்துவிட்டது. அந்த நேரத்து வட்டியை நம்பி விருதுத் தொகையை நிர்ணயித்தவர்கள் பிறகு அதைக் குறைக்க வேண்டியதாயிற்று. விதிமுறையில் தொகையை எழுதாமல் "வருடாந்த வட்டியில் இத்தனை பங்கு" என்று எழுதுவதே பாதுகாப்பு.

பணத்தைத் தனியாரின் கணக்கில் வைக்காதீர்கள், தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பல்கலைக்கழகத்தின் நிதியத்துக்குள் கொடுத்துவிட்டால் நிதியாளரின் பொறுப்பில் வரும், அரச கணக்காய்வுக்கும் உட்படும். விருதுக் கணக்கின் கூற்றை ஆண்டுதோறும் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று உடன்பாட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும், அது ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும், பற்றுச்சீட்டுக் கொடுங்கள். எங்களுக்கு முதல் நன்கொடை தந்தவர் அலுவலக வாசலில் கச்சான் விற்ற அம்மா. அந்தப் பற்றுச்சீட்டின் அடிக்கட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஐந்தாம் படி: ஒப்புதல்

பதக்கங்களும் பரிசில்களும் நிறுவி வழங்கும் அதிகாரத்தை 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் கடிதம் துணைவேந்தருக்கு, பதிவாளர் ஊடாக. அதன்பின் கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவைக்கும், நிருவாக விடயங்களைப் பார்க்கும் பேரவைக்கும் போகும். ஒவ்வொரு மேசையிலும் கேள்வி வரும். அதற்காகக் கோபப்படாதீர்கள். நிரந்தரமாக நடத்த வேண்டிய ஒன்றை ஏற்றுக்கொள்ளும்போது கேள்வி கேட்காத நிறுவனத்தை நம்பித்தான் எப்படிப் பணத்தைக் கொடுப்பது?

விதிமுறை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் சில வரிகள் இல்லாமல் போகக்கூடாது. தகுதியானவர் இல்லாத ஆண்டில் விருது வழங்கப்படாது, அந்தத் தொகை மூலதனத்தோடு சேரும் என்பது ஒன்று. குடும்பத்தவர் தெரிவுக் குழுவில் இருக்கலாம், வாக்களிக்க முடியாது என்பது இன்னொன்று. இதைக் குடும்பத்தவரிடம் சொல்வது கடினம். எங்கள் ஐயாவின் மகள் தானாகவே முன்வந்து, "அப்பா எங்களுக்காக ஒரு கையெழுத்துக்கூடப் போட்டதில்லை" என்று சொல்லி அந்த வரியை எழுதச் சொன்னார். அரசியல்வாதிகள் எவரும் தெரிவில் பங்குபெற முடியாது என்பதை மூன்றாவதாக எழுதுங்கள். இருபது ஆண்டு கழித்து நிதி போதாமல் போனால் என்ன செய்வது, எந்த நோக்கத்துக்குப் பணத்தை மாற்றலாம் என்பதும் வேண்டும். இதை எழுத எல்லோருக்கும் மனம் வராது. எழுதாமல் விட்டால் பணம் எவருக்கும் பயனில்லாமல் முடங்கிக் கிடக்கும்.

விண்ணப்ப மொழியைத் திறந்துவிடுங்கள். தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. நம் பல்கலைக்கழகங்களில் மூன்று மொழிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் ஆங்கிலத்துக்கான போட்டியாகிவிடும். புள்ளித் தகுதியையும் உயர்த்தி வைக்க வேண்டாம். பரீட்சைகளில் சித்தியடைந்திருந்தால் போதும்.

ஆறாம் படி: தெரிவு

முதலாண்டில் நாங்கள் விட்ட பிழையை ஒளிக்காமல் சொல்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் "வகித்த பதவிகள்" என்று பத்துக் கட்டங்கள் போட்டோம். பத்தும் நிரம்பிய படிவங்கள் வந்தன. நேர்முகத்தில் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னோம். அருமையாகப் பேசிய ஒரு பிள்ளைக்கு விருதைக் கொடுத்தோம். விழா முடிந்து திரும்பும்போது வளாகத்துக் காவலாளி ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, டெங்கு வந்த நேரம் விடுதிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை?" அந்தப் பிள்ளை விண்ணப்பிக்கவே இல்லை. தனக்குப் பதவி எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டாளாம். ஐயாவின் குறிப்பேட்டைப் பார்த்து அளவுகோல் எழுதிய நாங்கள், படிவத்தை மட்டும் யாருடையதையோ பார்த்து எழுதியிருந்தோம். இரண்டு பிரிவுக்கும் நடுவில் விழுந்த அந்த அம்மாவைப் போலவே ஒருத்தியை நாங்களும் தவறவிட்டோம்.

அடுத்த ஆண்டு படிவத்தை முழுதாக மாற்றினோம். பதவிகளைக் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டோம். இப்போது நான்கு கேள்விகள்தான். நீங்கள் முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். அதில் யார் விடுபட்டிருந்தார்கள், அவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எது சரியாக வரவில்லை, பிறகு என்ன செய்தீர்கள்? உங்கள் கிராம சேவகர் பிரிவில் ஒரு குறையை எடுத்து, அதைத் தீர்க்க எந்த அலுவலகத்தில் எந்தப் படியில் மாற்றம் வேண்டும் என்று எழுதுங்கள்.

பரிந்துரையும் மாறியது. தானே விண்ணப்பிக்கலாம், பிறரும் முன்மொழியலாம். விரிவுரையாளரின் கடிதம் ஒன்று. மற்றையது அந்த வேலையால் பயன்பெற்றவரிடமிருந்து. எழுதத் தெரியாதவர் என்றால் நாங்கள் போய்க் கேட்டு எழுதிக்கொள்கிறோம். காவலாளிகள், சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர்கள், விடுதி மேற்பார்வையாளர்கள் ஆகியோரிடம் முன்மொழிவுத் தாளைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இப்படிச் செய்த ஆண்டிலிருந்து பெண்பிள்ளைகளின் பெயர்கள் கூடுதலாக வரத் தொடங்கின. சங்கத் தலைவர் பதவிகளில் ஆண்பிள்ளைகள் இருந்தாலும், வேலையை இழுத்துக்கொண்டு போனவர்கள் பல இடங்களில் பெண்பிள்ளைகள்தான்.

தெரிவுக் குழுவில் ஐந்து பேர் போதும். பல்கலைக்கழகத்திலிருந்து இருவர், சேவையிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற நிருவாக சேவை அலுவலர் ஒருவர், சமூகத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர், முன்னைய விருதாளர் ஒருவர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கும் இடத்தில் குழு ஒரே பக்கத்து ஆட்களால் நிரம்பியிருந்தால், நீதியாகத் தீர்த்தாலும் நம்ப மாட்டார்கள்.

இறுதி மூன்று பேரைத் தெரிவு செய்த பிறகு கட்டாயம் களத்துக்குப் போங்கள். எங்களிடம் ஒரு முறை ஒரு மாணவி, போரதீவுப்பற்றில் ஒரு கிராமத்தில் பாடசாலையை விட்ட பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்ததாக எழுதியிருந்தார். குருமண்வெளியில் படகுப் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கிப் போனோம். அவர் எழுதியிருந்தது பதினொரு பிள்ளைகள். கிராமத்தில் விசாரித்தபோது ஒன்பது பேர்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். பிழை பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நேர்முகத்தில் கேட்டோம். அவர் பையிலிருந்து நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்தார். பதினொரு பெயர்கள். இரண்டு பெயர்களுக்கு எதிரே பென்சிலால் எழுதியிருந்தார்: ஒருவர் அம்மம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டார், மற்றவர் மேசன் வேலைக்குப் போகிறார், தை மாதம் மறுபடி பேச வேண்டும். கொப்பி ஈரம் பட்டு ஓரம் மடங்கியிருந்தது. எங்கள் குழுவில் அதன்பிறகு யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை.

ஏழாம் படி: விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு

நீங்கள் இதை வாசித்தால் ஒரே ஒரு புத்திமதி. பெரிய சொற்களை விட்டுவிட்டு நடந்ததை எழுதுங்கள். "சமூகத்தின் அடிமட்ட மக்களின் வாழ்வாதார மேம்பாட்டுக்காக அர்ப்பணிப்புடன் செயற்பட்டேன்" என்று ஒரு விண்ணப்பத்தில் இருந்தது. நேர்முகத்தில் கேட்டபோதுதான், அந்தப் பிள்ளை வாகரைப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் எட்டுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்காக நான்கு முறை பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்குப் போய் வந்தது தெரிந்தது. எட்டுக் குடும்பம், நான்கு பஸ் பயணம் என்று எழுதியிருந்தால் முதல் வாசிப்பிலேயே மேலே வந்திருப்பார்.

தோல்வியை எழுதப் பயப்படாதீர்கள். வேலை செய்த எவருக்கும் தோல்வி இருக்கும். உடன் வேலை செய்தவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். எல்லாம் நானே செய்தேன் என்று எழுதுபவரிடம் நாங்கள் கூடுதலான கேள்வி கேட்போம். உங்களுக்குச் சாட்சி சொல்லக்கூடியவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். அவருடைய கஷ்டத்தை அவரைக் கேட்காமல் எழுதக்கூடாது.

எட்டாம் படி: கொடுக்கும் நாளும் அதன் பிறகும்

விழாவைச் சுருக்கமாக வையுங்கள். பொன்னாடை, மாலை, பத்துப் பேச்சு வேண்டாம். அலுவலரின் ஒரு கதையை, முதற்படியில் எழுதிய கொப்பியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறாக, அவரிடம் உதவி பெற்ற ஒருவரே வந்து சொல்லட்டும். விருதாளரின் பெற்றோருக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள். தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பஸ் கட்டணத்தைக் குழுவே கொடுக்கட்டும். கேட்கக் கூச்சப்படுவார்கள்.

விருதுத் தொகையில் பாதியை அன்றே கொடுக்கிறோம், அது அவருக்கு உரியது, கணக்குக் கேட்பதில்லை. மீதிப் பாதி, நான்காவது கேள்விக்கு அவர் எழுதிய வேலையைத் தொடங்குவதற்கு. வசதியிருந்தால் பிரதேச செயலகம் ஒன்றில் சில வாரங்கள் அருகிருந்து பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். கோவை எப்படி நகர்கிறது, எங்கே சிக்குகிறது என்பதை முன்பக்கக் கதிரையில் காத்திருந்து ஒரு முறையும், மேசைக்குப் பின்னால் இருந்து ஒரு முறையும் பார்த்த பிள்ளை நாளைக்கு எந்தச் சேவைக்குப் போனாலும் அதை மறக்க மாட்டார்.

பணத்தோடு ஒரு பொருளும் கொடுக்கிறோம்: நீல அட்டைக் குறிப்பேடு ஒன்று, ஒவ்வொரு பக்கமும் நடுவில் கோடு கிழித்தது, ஒரு சிவப்புப் பேனை. கோடு கிழிப்பதை நாங்களே கையால் செய்கிறோம். அச்சடித்து வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார், எங்களுக்கு மனம் வரவில்லை.

தொடங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: விருதின் நோக்கம் எழுதிய ஒரு பக்கக் கடிதம், இரண்டு பக்க விதிமுறை வரைவு, அலுவலரின் சேவைக்காலச் சுருக்கம், குடும்பத்தவரின் எழுத்து மூலச் சம்மதம், நன்கொடையாளர் பட்டியல், வங்கிக் கூற்று. எல்லாவற்றிலும் மூன்று பிரதிகள் எடுங்கள். கடிதத்தைக் கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்ட திகதியும் முத்திரையும் உங்கள் பிரதியில் இருக்கட்டும். அலுவலரின் பழைய குறிப்பேடு, நாட்குறிப்பு, கடிதம் ஏதாவது கிடைத்தால் அதன் பிரதியை மட்டும் இணையுங்கள். மற்றவர்களின் சொந்த விபரம் உள்ள பெயர்களையும் எண்களையும் மறைத்துவிடுங்கள். மூலத்தை எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். எங்கள் ஐயாவின் குறிப்பேடுகள் இருபத்துமூன்றும் அவருடைய மனைவியின் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே, வேப்பிலை போட்டு வைத்திருக்கின்றன. கடைசிக் குறிப்பேட்டில் வலப்பக்கம் வெறுமையாக இன்னும் ஆறு பெயர்கள் இருந்தன. இதுவரை நான்கு பேரைத் தேடிப் பிடித்துவிட்டோம்.